விதையும் டிக்கெட்டும் ஒரே வாரத்தில்



மாசி பிறந்ததும் நம் பத்திரிகை அலுவலகத்துக்கு வரும் கடிதங்களின் தொனியே மாறிவிடும். மார்கழிக் கோலம், பொங்கல் பலகாரம் எல்லாம் ஓய்ந்து இரண்டு கேள்விகள் மட்டும் மேலே வந்து நிற்கும். ‘வெயில் ஏறுவதற்குள் மாடியில் என்ன போடலாம்?’ என்பது ஒன்று. ‘மே மாத லீவுக்கு எங்கே போகலாம்?’ என்பது இன்னொன்று. இரண்டையும் கேட்பது பெரும்பாலும் ஒரே வீடுதான். பிப்ரவரியில் ஆசை ஆசையாகப் பை வாங்கி, மண் கலந்து, நாற்று நடுவார்கள். மே மாதம் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால் மாடி முழுக்கச் சருகு. ‘நமக்குக் கைராசி இல்லை’ என்று அதோடு பைகளைச் சுருட்டிப் பரணில் போட்டுவிடுவார்கள். கைராசியைக் குறை சொல்லிப் பயனில்லை. நாள் கணக்குதான் இடித்திருக்கிறது.

கிளம்பும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். ரயில் டிக்கெட்டுக்கு நாம் ஏற்கெனவே அப்படித்தான் எண்ணுகிறோம். முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்பே பதிவு செய்யலாம். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகிவிட்டது. மே 10-ஆம் தேதி வண்டி ஏற வேண்டுமென்றால் மார்ச் 11-ஆம் தேதி காலை 8 மணிக்குத் தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும். அது மாசிக் கடைசி. கோடைக் காய்க்கு விதை போடவும் ஏறக்குறைய அதுதான் கெடு. அதற்குப் பிறகு முளைக்கும் குருத்து பங்குனி, சித்திரை வெயிலில் வேர் பிடிப்பதற்கே திணறும். டிக்கெட் எடுக்கிற வாரத்துக்குள் விதையும் மண்ணுக்குள் போயிருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், இரண்டில் எதுவும் மறக்காது.

‘ஆடிப்பட்டம் தேடி விதை என்றல்லவா சொல்வார்கள்?’ என்று கேட்பவர்கள் உண்டு. மழையை நம்பி விதைக்கும் மானாவாரிக்காரருக்கு அது வேதவாக்கு. குழாய்த் தண்ணீரை நம்பிப் பையில் வளர்ப்பவர்களுக்குத் தைப்பட்டமும் மாசிப்பட்டமும் நல்ல பட்டங்களே.

விதைப் பொட்டலம் ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நான் வண்டி ஏறும் அன்று இந்தச் செடி எந்த நிலையில் நிற்கும்?

முளைக்கீரையும் சிறுகீரையும் 25 நாளில் வேரோடு பிடுங்கிவிடும் சமாச்சாரம். இப்போது தூவினால் மார்ச் நடுவில் ஒரு முறை, மறுபடி தூவினால் ஏப்ரலில் ஒரு முறை என்று இரண்டு ஈடு பறித்துவிடலாம். மே மாதம் பை காலி. காலிப் பைக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்ற கவலை கிடையாது. வெளியூர் போகிற குடும்பத்துக்குக் கீரையைவிடத் தோதான பயிர் இல்லை என்பது என் கட்சி. கடுகைவிடச் சிறிய விதை என்பதால் மணலோடு கலந்து தூவுங்கள், ஒரே இடத்தில் கொட்டாது. மறுநாள் காலையில் பார்த்தால் எறும்புச் சாரை ஒன்று விதைகளைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருக்கும். பையைச் சுற்றிக் கொஞ்சம் அரிசி மாவைத் தூவிவையுங்கள். அது மாவைத் தூக்கும் வேலையில் இறங்கிவிடும். அதற்குள் விதை முளைவிட்டுவிடும். முள்ளங்கியும் இந்த வரிசைதான். 45 நாளில் கிழங்கு தயார். ஏப்ரல் வரை மண்ணில் விட்டுவைத்தால் உள்ளே சடைவைத்துப் பஞ்சாகிவிடும் என்பதால் மாசி முதல் வாரத்தைத் தாண்டவிடாதீர்கள்.

கத்தரி வேறு ரகம். இப்போது நாற்று விட்டு, மார்ச் கடைசியில் பிடுங்கி நட்டால், மே மாதம் வேர் நன்றாக இறங்கி, தண்டு கெட்டிப்பட்டு, காய்ப்புக்கு முந்தைய நிலையில் நிற்கும். ஒரு வேளை தண்ணீர் தவறினாலும் மாலையில் தலை தூக்கிக்கொள்ளும் உழைப்பாளிச் செடி அது. மிளகாயும் ஓரளவு அப்படியே. கறிவேப்பிலை, கற்பூரவல்லி, தூதுவளை, கற்றாழை இவற்றுக்கு உங்கள் பயணத்தைப் பற்றிக் கவலையே இல்லை.

தக்காளியை இந்தப் பருவத்துக்கு விட்டுவிடுங்கள். கடலோர மாவட்டத்து வாசகர்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். இப்போது விதைத்தால் அது பூக்கும் நேரம் ஏப்ரல் நடுப்பகுதி. இரவிலும் புழுக்கம் தணியாத அந்த நாட்களில் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். பூ காய்ப்பிடிக்காமல் காம்போடு உதிரும். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் போட்டுப் பயனில்லை. ஓசூர், குன்னூர்ப் பக்கம் இருப்பவர்கள் இந்தப் பத்தியைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம். வெள்ளரிக்கும் ஒரு எச்சரிக்கை: இரண்டு நாள் தண்ணீர் தட்டினால் பிஞ்சு கசந்துவிடும். ஊருக்குப் போவதற்குள் பறித்து முடிக்க முடியுமென்றால் மட்டும் போடுங்கள்.

மண் கலவை பற்றி நம் தோட்டப் பகுதியில் பலமுறை எழுதிவிட்டோம்: செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய சாணமோ மண்புழு உரமோ, மூன்றும் சம பங்கு, கூடவே ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. ஒன்றை மட்டும் திரும்பச் சொல்கிறேன். கட்டியாக விற்கும் நார்க்கழிவை ஊறவைத்த அந்தப் பழுப்புத் தண்ணீரை இரண்டு முறையாவது இறுத்துக் கொட்டுங்கள். அதில் இருக்கும் உப்பு இளம் வேருக்கு ஆகாது.

அடுத்தது நிழல். இங்கேதான் பலருக்குக் கணக்கு தப்புகிறது. ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். கைப்பிடிச் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் வடக்கே நல்ல நிழல் விழும். ‘இந்த மூலை போதும்’ என்று பைகளை அங்கே அடுக்கிவிடுவோம். சூரியன் நகர்ந்துகொண்டே வந்து ஏப்ரல் 10-ஐ ஒட்டிக் கன்னியாகுமரியிலும், ஏப்ரல் 24-ஐ ஒட்டிச் சென்னையிலும் நண்பகலில் நேர் தலைக்கு மேல் நிற்கும். அன்று உச்சிவேளையில் நட்டுவைத்த கம்புக்குக்கூட நிழல் இருக்காது. ஜனவரியில் பார்த்துவைத்த மூலை அடுப்பாகியிருக்கும். அதனால் நிழல் மேலேயிருந்து வர வேண்டும்: 50 சதவீத நிழல்வலை, தலை இடிக்காத உயரத்தில், காற்று புகுந்து வெளியேறும்படி. பிற்பகல் வெயிலைத் தடுக்கத் தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்குப் பக்கம் இடம் இருந்தால் பைகளை அங்கே மாற்றுங்கள். காலை வெயில் கிடைக்கும், மதியத்துக்கு மேல் தொட்டியே குடை பிடிக்கும். பைக்கு அடியில் இரண்டு செங்கல். தளத்தின் சூடு நேராக வேரில் ஏறாமல் இருக்கவும், தண்ணீர் வடியவும் அது போதும். வலையை நான்கு மூலையிலும் இறுக்கிக் கட்டுங்கள். 2010 மே மாதம் லைலா புயலும் 2016 மே மாதம் ரோனு புயலும் கத்திரி வெயிலுக்கு நடுவில்தான் சென்னையை நனைத்துவிட்டுப் போயின.

இனி தண்ணீர். பயணம் போகிறவர்களின் முழுக் கவலையும் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே பேசலாம். ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள பையில் 15 முதல் 20 லிட்டர் மண் கலவை பிடிக்கும். காய்க்கிற செடி ஒன்று அதில் நின்றால் மே வெயிலில் நாளுக்கு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் வரை குடிக்கும். 20 பை வைத்திருக்கும் வீட்டுக்கு நாளுக்கு 30 லிட்டர், பத்து நாளுக்கு 300 லிட்டர். இந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு கைபேசியில் வரும் குறுக்குவழி வீடியோக்களைப் பாருங்கள். பாதி வீடியோக்கள் தானாகவே கழன்றுவிடும். குப்புறக் கவிழ்த்த தண்ணீர் பாட்டில் களிமண்ணில் வேண்டுமானால் ஒரு நாள் நிற்கும். நார்க்கழிவு கலந்த பொலபொலப்பான மண்ணில், கையில் இருக்கும் காபி ஆறுவதற்குள் பாதி இறங்கியிருக்கும். வாளியிலிருந்து துணித் திரி போடுவது துளசி, புதினா போன்ற சின்னத் தொட்டிகளுக்குச் சரி. வாளி நிறைய தண்ணீர் இருக்க வேண்டும், திரியை முதலிலேயே நனைத்துவிட வேண்டும், கிளம்புவதற்கு நாலு நாள் முன்பே வைத்துச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

எனக்குப் பிடித்தது கலயம். பெயின்ட் அடிக்காத, சுட்ட மண் கலயத்தைப் பையின் நடுவில் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, ஒரு மூடி. சுற்றியுள்ள மண் காயக் காய, கலயத்தின் சுவர் வழியே ஈரம் தானாகக் கசியும். மண் ஈரமாக இருந்தால் கசிவு மட்டுப்படும். மின்சாரம் இல்லை, பேட்டரி இல்லை. ஆனால் பத்து நாளுக்கு இது மட்டும் போதாது, யாராவது வந்து நிரப்பத்தான் வேண்டும். தினமும் இரண்டு வேளை வர வேண்டியவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தால் போதும் என்ற சலுகையை அது தரும். அதை வைக்க விரும்புகிறவர்கள் விதை போடும்போதே கலயத்தையும் புதைத்துவிடுங்கள். மே மாதம் புதைக்கப் போனால் வேரைத்தான் வெட்டுவீர்கள்.

சொட்டுநீர்க் குழாயும் டைமரும் வாங்கலாம் என்றிருப்பவர்கள் கடைக்குப் போகுமுன் தண்ணீர்த் தொட்டியை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. மாடியிலேயே இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும் தொட்டியிலிருந்து கிடைப்பது வெறும் 0.2 பார். கடையில் விற்கும் டைமர்களில் பல சொலினாய்டு வால்வு வகை. அவை ஒழுங்காக வேலை செய்ய அதைவிடக் கூடுதல் அழுத்தம் வேண்டும். டைமரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. பந்து வால்வு வகையைக் கேட்டு வாங்குங்கள், அழுத்தமே இல்லாவிட்டாலும் திறந்து மூடும். பூட்டியதும் முதல் செடியிடம் ஒரு டம்ளர், கடைசிச் செடியிடம் ஒரு டம்ளர் வைத்து, கால் மணி நேரம் ஓடவிட்டு ஒப்பிடுங்கள். முதல் டம்ளர் நிரம்பி வழிய, கடைசி டம்ளரில் அரைக் குவளைகூட இல்லையென்றால், தண்ணீரை ஓரத்திலிருந்து விடாமல் குழாயின் நடுவிலிருந்து விடுங்கள், வித்தியாசம் குறையும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல்: பொதுத் தொட்டியில் நேராக மாட்டாதீர்கள். நீங்கள் கொடைக்கானலில் இருக்கும்போது இணைப்பு ஒன்று கழன்றுகொண்டால், எட்டு வீட்டுத் தண்ணீரும் மாடியில் ஓடும். ஒரு பெரிய டிரம் வைத்து அதிலிருந்து விடுங்கள். போனால் அந்த டிரம் தண்ணீரோடு போகட்டும்.

இத்தனை சொன்னாலும், எந்தக் கருவியும் ஒரு மனிதருக்கு ஈடாகாது. எங்கள் குடியிருப்பின் காவலாளி திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், ஊரில் மணிலா பயிரிட்டவர். சென்ற ஆண்டு ஊருக்குக் கிளம்புமுன் எந்தப் பைக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு என்று ஒரு அட்டவணை எழுதி அவரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். “இன்னாம்மா இது, டாக்டரு எழுதற மாத்திரை சீட்டு மாதிரி இருக்குது?” என்றார். பிறகு அருகிலிருந்த கத்தரிப் பையில் ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை விட்டு, எடுத்து, விரலில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் உருட்டிப் பார்த்தார். “ஈரம் ஒட்டிக்கினு வந்தா சும்மா வுடு. ஒதுந்துச்சின்னா அடியில ஒழுகற வரைக்கும் ஊத்து. இதுக்கு எதுக்கும்மா டைம்டேபிளு?” அட்டவணையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், மரியாதைக்கு.

அவர் கேட்ட அடுத்த கேள்விதான் முக்கியமானது. “வெண்டிக்கா முத்திப் போனா இன்னா பண்றது, பறிச்சிக்கலாமா?”

பறித்தே ஆக வேண்டும். வெண்டைக்கு இப்போது விதை போட்டால் 45 நாளில் காய் வரத் தொடங்கி, நீங்கள் ஊருக்குப் போகும் நேரத்தில் முழு வீச்சில் இருக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பறிக்காவிட்டால் காய் முற்றி நாராகும். விதை கட்டிவிட்டது, நம் வேலை முடிந்தது என்று செடியும் புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போகிற நாம் பறிக்கச் சொல்வதற்கு மறந்துவிடுகிறோம். பக்கத்து வீட்டு மாமியோ, எதிர் வீட்டு அக்காவோ, வேலைக்கு வரும் அம்மாவோ, யார் பொறுப்பெடுத்தாலும் ‘பறிப்பதெல்லாம் உங்களுக்குத்தான்’ என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நம் வீட்டுக் காயை நாமே சொல்லாமல் யாரும் தொடமாட்டார்கள். சொல்லிவிட்டால், அவர்கள் தினமும் மாடி ஏற அதுவே ஒரு காரணமாகிவிடும்.

எங்கே போவது என்ற கேள்விக்கு வருகிறேன். நம்மில் பலருக்குக் கோடைப் பயணம் என்றால் ஊர்தான்: குலதெய்வம் கோயில், பிள்ளைகளின் ஆயா வீடு, மதுரைப் பக்கம் என்றால் சித்திரைத் திருவிழா. அதுபோக மலைக்குப் போகிறவர்கள், உதகைக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போவதென்றால் இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மே மாதம் உதகை மலர்க் கண்காட்சிக்குப் போகிற தோட்டப் பிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1848-இல் உருவாகத் தொடங்கிய அந்தத் தாவரவியல் பூங்காவில் பூக்களை மட்டும் பார்க்காமல், மாடங்களில் அடுக்கியிருக்கும் தொட்டிகளையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மே மாதம் ஒரே நேரத்தில் பூக்க வேண்டும் என்பதற்காக மாதக்கணக்கில் முன்னதாகவே விதைத்து, நாள் பார்த்துத் தொட்டி மாற்றி வளர்த்தவை அவை. தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணும் கலையை அந்தப் பூங்காத் தோட்டக்காரர்களைவிட யார் அறிவார்? திரும்பும் வழியில் சாலையோர நாற்றங்காலில் பூச்செடி வாங்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். மலைக்குளிரில் சிரிக்கிற அந்தச் செடிகளில் பலவும் மேட்டுப்பாளையம் தாண்டியதுமே வாடத் தொடங்கிவிடும்.

கிளம்புகிற வாரத்துக்கு வருவோம். உரம் எதுவும் போடாதீர்கள். போட்டால் இளந்தளிராக விடும், அதைத் தேடி மாவுப்பூச்சியும் அசுவினியும் வரும், விரட்ட ஆள் இருக்காது. இலைகளைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலை வெயில் தாழ்ந்த பிறகு தெளித்துவிடுங்கள். கிளம்புமுன் பிஞ்சு உட்பட எல்லாக் காயையும் பறித்துவிட்டு, கத்தரியில் மூன்றில் ஒரு பங்குத் தழையைக் கவாத்து செய்யலாம். இலை குறைந்தால் தண்ணீர்த் தேவையும் குறையும். பைகளை நெருக்கி நிறுத்தி, மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த இலையோ வாழைச் சருகோ மூடாக்காகப் போட்டுவிடுங்கள். கீரை பறித்த காலிப் பைகளின் மண்ணைத் தனியே எடுத்து, மாடியின் ஒரு ஓரத்தில் மெல்லிசாகப் பரப்பிவிட்டுப் போங்கள். மே 4-ஐ ஒட்டித் தொடங்கும் அக்னி நட்சத்திரம் அதிலிருக்கும் புழுவையும் முட்டையையும் நமக்காகக் காய்ச்சி எடுத்துவிடும்.

திரும்பி வந்ததும் பெட்டியைக்கூடத் திறக்காமல் மாடிக்கு ஓடுவீர்கள், தெரியும். வாடிக்கிடக்கும் செடிக்கு நடுப்பகலில் குடம் குடமாகக் கொட்டாதீர்கள். நன்றாகக் காய்ந்துபோன நார்க்கழிவு தண்ணீரை வாங்காது; ஓரமாக வழிந்து அடியில் போய்விடும், மேலே பார்த்தால் நனைந்த மாதிரி இருக்கும். மாலையில் பையைத் தூக்கி ஒரு அகலமான டப்பில் அரை மணி நேரம் நிற்கவையுங்கள். அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். வெண்டையில் யார் கண்ணுக்கும் படாமல் முற்றிய காய் ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும். நாட்டு ரகமாக இருந்தால் அவற்றைச் செடியிலேயே காயவிட்டு விதைக்கு எடுங்கள். வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் வெட்டி மக்குத் தொட்டியில் போடுங்கள்.

ஊரிலிருந்து வரும்போது பெரியவர்களிடம் அவரை விதை கேட்டு வாங்கி வரச் சொல்ல நினைத்தேன். சாம்பலில் புரட்டிக் காயவைத்து, டப்பாவில் அடைத்து வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தக் கொடி அவரையை இப்போது போட்டுப் பயனில்லை. ஆடியில் போட வேண்டும். பகல் குறுகும் மார்கழி, தையில்தான் அது பூத்துக் குலுங்கும். பந்தலுக்குக் கம்பும் கயிறும் மட்டும் ஜூனிலேயே வாங்கி வைத்துவிடுங்கள், ஆடிக் காற்றில் மொட்டைமாடியில் பந்தல் கட்டுவது லேசான வேலையில்லை.

அன்புடன்,
ஆசிரியர்